இரண்டு சிலுவைகள்: குரூனெவால்டும் வெலாஸ்கெஸும்

ஒரே காட்சிதான், சிலுவையில் இயேசு. ஆனால் இரண்டு ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

ஜெர்மானிய ஓவியர் மத்தியாஸ் குரூனெவால்டு 1512 முதல் 1516 வரை வரைந்த ஈசன்ஹைம் பீட ஓவியம் இப்போது பிரான்ஸின் கோல்மார் நகரில் இருக்கிறது. அதில் உடம்பெங்கும் முள் தைத்த புண்கள், பச்சை பாய்ந்த தோல். விரல்கள் வலியில் விறைத்து விரிந்திருக்கின்றன. உடலின் பாரத்தில் சிலுவையின் குறுக்குக்கட்டையே வளைகிறது. ஏன் இத்தனை கொடூரம்? அது அந்தோணியார் சபைத் துறவிகளின் மருத்துவமனைக்காக வரைந்தது. பூஞ்சை பிடித்த ரை தானியத்தைத் தின்று, தோல் எரிந்து, கைகால் அழுகி வந்தவர்களுக்கு அங்கே சிகிச்சை. தங்கள் புண்ணையே அவர்கள் ஆண்டவரின் மேனியில் பார்த்திருப்பார்கள்.

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ஓவியம் 1632 வாக்கில் வந்தது. அழுபவர் யாருமில்லை, பின்னால் வெறும் இருட்டு. குரூனெவால்டு இரு பாதங்களையும் ஓர் ஆணியில் அறைந்தார். இங்கே மொத்தம் நான்கு ஆணிகள், காலுக்கு ஒரு பலகை வேறு. அது வெலாஸ்கெஸின் மாமனாரும் குருவுமான பச்சேகோ வற்புறுத்திய முறை. ரத்தம் கொஞ்சம்தான். சரிந்த கூந்தல் பாதி முகத்தை மூடிவிடுகிறது.

அழகு என்றால் வெலாஸ்கெஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் நோயாளியின் கட்டிலுக்கு எதிரே மாட்ட ஒன்றைக் கேட்டால், நான் குரூனெவால்டையே எடுப்பேன்.