றெக்கோட் சடசடக்கிறதா? ஸ்பிரிட் போட விடாதீர்கள்

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். ஐயாவின் இசைத்தட்டுகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. போர்க்காலத்தில் கொழும்பில் மாமா வீட்டில் இருந்ததால் தப்பியவை. ஆடி மாதம் சோளகக் காற்று பலமாக வீசியதில் இருந்து எதைப் போட்டாலும் பாட்டுக்கு மேலால் ஒரே சடசடப்பு.

பிளேயரையும் சில தட்டுகளையும் வவுனியாவில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். போட்டுக்கூடப் பார்க்காமல், "அண்ணை, ஊசி தேய்ஞ்சிட்டுது" என்றார் கடைக்காரர். புது ஊசிக்கு 14,000 ரூபாய். வீட்டுக்கு வந்து போட்டால் அதே சடசடப்பு. திரும்பப் போனேன். "தட்டிலதான் ஊத்தை, கழுவித் தாறன்" என்று ஆறு தட்டுகளை வாங்கி, எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்திருக்கிறார்.

அதில் இரண்டு, நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் பழைய தட்டுகள். அவை அரக்கில் செய்தவை. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பொலிஷ் போடுகிறார்கள்! இரண்டும் மங்கி, ஊசி ஓடும் வரிகள் கரைந்து திரும்பி வந்தன. அம்மா கடைசிவரை விரும்பிக் கேட்ட தட்டும் அதில் போய்விட்டது. காசு போனதை விட அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

உண்மையான காரணம் நிலைமின், அதாவது உரசும்போது ஏறித் தங்கும் மின். எங்கள் வீடு கிரவல் வீதியோரம். நான் பொலியெஸ்டர் துணியால் காயக் காய உரசித் துடைக்க, தட்டில் மின்னேறி, பறக்கிற புழுதியை எல்லாம் இழுத்து வைத்திருக்கிறது.

கடைக்குப் போகமுதல் நீங்களே பாருங்கள். ஊசியைத் தட்டில் வைக்காமல் சத்தத்தைக் கூட்டுங்கள். அப்போதும் இரைந்தால் தட்டில் பிழையில்லை, எர்த் வயர் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்றால் பெரும்பாலும் கீறல். ஊசி தேய்ந்தால் 'ச' ஓசைகள் பிசிறும். கண்ட இடத்தில் சடசடத்து, தட்டைத் தூக்கும்போது அடியில் கிடக்கும் விரிப்பும் சேர்ந்து வந்தால், கைமயிர் சிலிர்த்தால், நிலைமின்தான்.

நான் இப்போது தட்டைச் சுழலவிட்டு, கார்பன் நார்த் தூரிகையை மெல்லப் பிடிக்கிறேன். கடதாசி உறைகளை மாற்றி நிலைமின் ஏறாத உள்ளுறை போட்டேன். மிஞ்சிய தட்டுகள் தெளிவாகப் பாடுகின்றன.

இன்னொன்று, கழற்றும் ஊசியைக் கையோடு கேட்டு வாங்குங்கள். என் பழைய ஊசி எங்கே என்று மூன்று தரம் கேட்டுவிட்டேன். "தேடித் தாறன்" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.