பெட்டியை எறிந்துவிட்டார்கள்: இரண்டு மாரி கண்ட தையல் மெஷின்

போன கிழமை தையல் மெஷினைத் திருத்தி எடுக்கப் போனேன். பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு, வேலையை நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் மெஷின் ஒரு உரப்பைக்குள் இருந்தது.

"பெட்டி எங்க தம்பி?"

"காட்போட் பெட்டிதானே அக்கா, அது பழசாக் கிடந்த. எறிஞ்சிட்டம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தம்பியில் பிழையில்லை, அவருக்கு அது மெஷின் வந்த பெட்டி மட்டும்தான். அன்றிரவே மச்சாள் போன் எடுத்தா. அதே மெஷின் எண்ணாயிரம் ரூபா இறங்கியிருக்காம், தானும் வாங்கட்டா என்று கேட்டா. அவவுக்கு அவசரத்தில் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

மெஷினைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டை, பாவாடை, பள்ளி யூனிஃபோம், சாரிக்கு ஃபோல்ஸ் எல்லாம் அடிக்கலாம். ஜீன்ஸின் தடித்த மடிப்பில் திணறும். நான் இதை வாங்கியதே பெட்டிக்காகத்தான்.

என் வீடு மட்டக்களப்பில், களுவாஞ்சிக்குடியில். கிழமையில் இரண்டு நாள் வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் தையல் பழக்குகிறேன். குருமண்வெளித் துறைவரை ஸ்கூட்டி, பிறகு பாதையில், அதாவது வாகனமும் ஏற்றும் மிதவையில், ஏறி வாவியைக் கடந்து மண்டூர். மெஷினை ஏற்றி இறக்குவதுதான் இந்தத் தொழிலில் பாதிப் பாடு. அம்மாவின் சிங்கர் கைமெஷினுக்கு வளைந்த மரமூடி இருந்தது, மேலே பிடியும் வைத்தது. அதைத் தூக்கினால் தோள் கழன்றுவிடும்.

இந்தப் பெட்டி வேறு மாதிரி. கடையிலிருந்து வரும்போது சாதாரணச் சதுரப் பெட்டிதான். வெளியுறையில் துளைத்துளையாக ஒரு கோடு ஓடும். அதை இழுத்துக் கிழித்தால் உறை கழன்று உள்ளே தூக்குப்பெட்டி தெரியும். மேலேயுள்ள இரண்டு நீள மடல்களையும் இரட்டையாக மடித்து நிமிர்த்தினால் இரண்டும் சேர்ந்து பிடியாகிவிடும். கைவிடும் ஓட்டையில் மட்டையை வெட்டி எடுக்காமல் உள்ளே மடித்துவிட்டிருந்தார்கள், அதனால் விரலை அறுக்காது. பொதிக்கு வைக்கிற வெள்ளை நுரை ரெஜிபோம் துண்டு ஒன்றுகூட இல்லை. மெஷினைத் தாங்கியிருந்த மடிப்பு மட்டையையே கவிழ்த்து வைத்தால் பொபின், கத்தரிக்கோல், பெடல் வைக்கிற தட்டு. பசையும் இல்லை, பின்னும் இல்லை.

ஒருநாள் அதை முழுதாகப் பிரித்துத் தரையில் விரித்துப் பார்த்தேன். பிளவுஸ் வெட்டின் கடுதாசி மாதிரி ஒரே துண்டு! ஒரு பிடியில் தொடங்கி முன்பக்கம், அடி, பின்பக்கம், மறுபிடி என்று ஒரே பட்டியாக ஓடுகிறது. நாங்கள் துணிப்பைக்குப் பிடி வைக்கும்போது நாடாவை வாயோடு நிறுத்தாமல் அடியைச் சுற்றிக் கொண்டுபோய்த் தைப்போமே, அதே யோசனை. பாரம் முழுவதையும் அடி தாங்கும், பிடி பிய்ந்து வராது. இதை வரைந்தவருக்குத் தையல் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தால், உள்ளே அலையலையாகத் தாள் ஓடும் இந்த நெளிமட்டைக்கு 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்ததே தொப்பிக்குள் வைக்கத்தானாம். அதில் பெட்டி செய்யத் தொடங்கியது பிறகுதானாம். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தைச் சொல்லி மாளாது.

இனி பெட்டியைப் பூட்டும் நாக்கு.

பிடியின் இரு பக்கத்திலும் சிறகு மாதிரி மடல் இருக்கும். அதன் நுனி நாக்கைப் பக்கச் சுவரின் வெட்டுக்குள் செருகினால்தான் பெட்டி பூட்டும். துணிக்குப் பாவும் ஊடும் போல இந்த மட்டைக்கும் ஓட்டம் உண்டு. உள்ளே நெளிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றனவோ அந்தப் பக்கமாக இலேசில் மடியும், அதற்குக் குறுக்கே மடிக்கத்தான் பாடுபட வேண்டும். முன்சுவரில் நெளிகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. அது சரி, பாரம் தாங்க அப்படித்தான் வேண்டும். ஆனால் எல்லாம் ஒரே துண்டாகையால் பக்க நாக்கின் நீளத்துக்கு அது குறுக்கோட்டமாகி, அடியில் இலேசில் மடிகிறது. நாக்கின் அடியில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடிந்து மடிந்து, ஐந்தாம் மாதமே துணி மாதிரித் துவண்டது. எட்டாம் மாதம் ஒன்று கையோடு வந்தது, பிறகு மற்றது. அதற்குப்பின் நாடா கட்டித்தான் கொண்டு திரிந்தேன்.

அதோடு எங்கள் மாரி. கார்த்திகை, மார்கழியில் மழையில் நனையவே தேவையில்லை, ஈரக்காற்றே காணும். கடுதாசி அதைக் குடித்து ஊறிவிடும், நெளிகளை ஒட்டியிருக்கும் மாப்பசையும் இளகும். பாதையில் நனைந்த பலகையில் ஒருநாள் மறதியாக வைத்துவிட்டேன், அடி மூலை பழஞ்சோறாகிவிட்டது. ரெக்சின் வெட்டி அடியுறை தைத்துப் போட்டேன். அடுத்த மாரியும் தாங்கியது.

இவையெல்லாம் எனக்குக் குறையாகவே படவில்லை. கடுதாசி பழுதாகத்தான் செய்யும். எனக்குக் கோபம் வேறிடத்தில். பெட்டியை எறிந்துவிட்டார்கள் என்றதும் விற்ற கடைக்குப் போன் எடுத்து, பெட்டி மட்டும் தனியாக வாங்கலாமா என்று கேட்டேன். ஊசி, பொபின் கேஸ், பெடல் எல்லாம் வரவழைத்துத் தருவார்களாம். பெட்டி உதிரிப்பாகம் இல்லையாம், அது பொதி மட்டும்தானாம். விளம்பரத்தில் "தூக்கிச் செல்லும் பெட்டியுடன்" என்று கொட்டை எழுத்தில் போட்டதும் இவர்கள்தானே? அதைப் பார்த்துத்தானே நான் காசு கொடுத்தேன்?

2010இல் பூமா நிறுவனம் சப்பாத்துப் பெட்டிக்குப் பதிலாக ஒரு மட்டைத் தட்டும் அதை மூடிப் பிடிக்கும் பையும் கொண்டுவந்தது. மட்டை 65 வீதம் குறைந்தது என்றார்கள். அந்தப் பை வீட்டில் கிடந்து வேறு எதற்காவது உதவும், தொலைந்தால் தொலைந்ததுதான். ஆனால் ஆறு கிலோ மெஷினுக்கு வருகிற தூக்குப்பெட்டி அப்படியில்லை, அது மெஷினின் ஒரு உறுப்பு. அதை வரைந்த மனிதர் அப்படித்தான் நினைத்திருக்கிறார், மடித்த ஒவ்வொரு விளிம்பிலும் அது தெரிகிறது. விற்கிறவர்களுக்குத்தான் விளங்கவில்லை.

மச்சாளுக்கு வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். "இவ்வளவு நேரமும் புகழ்ந்துபோட்டு இப்ப என்னகா இப்பிடிச் சொல்றீங்க?" என்று கேட்டா. புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்க மாட்டேன். ஆனாலும் வேண்டாம்.

பெட்டியை விரித்த அன்று பழுப்புக் கடுதாசியில் அதன் வெட்டைப் பிரதி எடுத்து வைத்திருந்தேன், நல்ல காலம். விளம்பரப் பலகை செய்கிற நெளிப் பிளாஸ்டிக் தகட்டில் கடையில் ஒரு துண்டு வாங்கியாயிற்று. நாக்கை மட்டும் தனியாக, நெளி நீளவாக்கில் ஓடும்படி வெட்டி, சிறகோடு சேர்த்துத் தைக்கப் போகிறேன். ஆனால் பிரதி எடுக்கும்போது நாக்குகள் இரண்டும் பிய்ந்துபோயிருந்தன, அளவு இல்லை. சுவரில் இருந்த வெட்டின் நீளத்தை வைத்துக் கணித்துப் பார்க்கிறேன். நேற்று வெட்டிய முதல் நாக்கு அரை விரல் அகலம் கூடிவிட்டது. புதன்கிழமைக்குள் முடியாது, உரப்பையோடுதான் பாதையேற வேண்டும்.