காரைக்குடியில் ஒரு வீட்டு மின் தணிக்கைச் சேவை: கான்கிரீட் வீட்டுக்குப் பொருத்தம், வளவு வீட்டுக்கு அரைகுறை

காரைக்குடி வட்டாரத்தில் வீட்டுக்கே வந்து மின்சாரச் செலவை அளந்து, எதை மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும், கரியமில வாயு எவ்வளவு குறையும் என்று அறிக்கை எழுதித் தரும் சிறிய நிறுவனம் ஒன்றின் சேவையைப் பெற்றோம். செக்காலைப் பக்கம் உள்ள எங்கள் கான்கிரீட் வீட்டையும், கானாடுகாத்தானில் உள்ள பூர்வீக வளவு வீட்டையும் (நடுவே திறந்த முற்றம் வைத்துக் கட்டிய செட்டிநாட்டு வீடு) ஒருசேரப் பார்க்கச் சொன்னதால், ஒரே சேவை இரண்டு வகைக் கட்டடங்களை எப்படிக் கையாள்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். கட்டணம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ரூ.4,000, மாற்றங்களைச் செய்து முடித்த பிறகு மீண்டும் வந்து அளப்பதும் இதில் அடங்கும் என்பது இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம்.

வந்த இரு இளைஞர்களும் முதலில் மின்வாரிய அட்டையைக் கேட்டு வாங்கி, கடந்த ஓராண்டின் அளவீடுகளைக் குறித்துக்கொண்டார்கள். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழே உள்ள படிகளில் ஒன்றுக்கும் கூடுதல் கட்டணம் விழும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எங்கள் வீடு கோடையில் 620 யூனிட் வரை போய்க்கொண்டிருந்தது. ஆகவே எங்களுக்கு வேண்டியது எட்டாத தூரத்தில் இருக்கும் இலக்கு அல்ல, அந்த 500-க்குள் வந்து நிற்பதுதான் என்று அவர்களே எடுத்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கான்கிரீட் வீட்டைப் பொறுத்தவரை அவர்கள் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானித் துப்பாக்கியைப் படுக்கையறையின் மேல்தளத்தை நோக்கிப் பிடித்தபோது 41 டிகிரி காட்டியது. சுவர் 35 டிகிரிதான். இரவு பத்து மணிக்கு வெளியே காற்று நன்றாகக் குளிர்ந்த பின்னரும் அதே தளம் 38 டிகிரியில் நின்றது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட், நாம் படுக்கும் நேரம் பார்த்து அதைக் கக்குகிறது என்பதும், ஏசி பாதி நேரம் அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது என்பதும் அந்த எண்களிலேயே தெரிந்துவிட்டன. மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கும்படி பரிந்துரைத்தார்கள். அதோடு நிற்காமல், கைக்கு அடக்கமாகச் செய்ய நினைப்பவர்கள் வெறும் சுண்ணாம்பு அடித்தாலும் பெருமளவு பலன் கிடைக்கும், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப் பின் மறுபடி அடிக்க வேண்டும் என்றும் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். பூச்சு விற்கும் நிறுவனமே இப்படி எழுதுவது அபூர்வம். முதலில் ஓர் அறைக்கு மேலே மட்டும் பூசி, பூசாத அறையோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னோம். பூசிய அறையின் தளம் அதே பிற்பகல் வேளையில் 35 டிகிரிக்கு இறங்கியிருந்தது. முழு மாடிக்கும் பூசிய பிறகு ஏசியை இரவு பதினொரு மணிக்கு மேல் நிறுத்திவிட்டு மின்விசிறியோடு படுக்க முடிகிறது.

இதில் அவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று நம் ஊர்ச் செம்மண் புழுதி. சில வாரங்களிலேயே பூச்சின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு படலம் ஏறிவிடுகிறது. வெண்மை மங்கினால் வெயிலைத் திருப்பும் திறனும் மங்கும். தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினால் போய்விடுகிறது என்றாலும், கோடையில் மாடி கழுவத் தண்ணீர் செலவாகும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தளத்தில் விரிசல் இருந்தால் அதை முதலில் அடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

அடுத்தது மின்விசிறி. பழைய விசிறி ஒவ்வொன்றும் 75 வாட் இழுப்பதையும், புதிய பிஎல்டிசி விசிறி (தூரிகை இல்லாத, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்டது) 30 வாட்டிலேயே அதே காற்றைத் தருவதையும் கருவியை மாட்டிக் கண்ணெதிரே காட்டினார்கள். நாள் ஒன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் விசிறியில் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 40 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால், ஒரு விசிறிக்கு 28 கிலோ குறைகிறது. நான்கு விசிறிகளை மாற்றியதில் நாங்கள் 500-க்குக் கீழே வந்துவிட்டோம். கூரைப் பூச்சும் சேர்ந்த பிறகு 430-ஐ ஒட்டி நிற்கிறோம். 2023 முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டதால் கடையில் தேர்ந்தெடுப்பதும் எளிது. சங்கடம் ரிமோட்டில்தான். சுவரில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ரிமோட்டில் வைத்துவிடுகிறார்கள். "அந்தக் குச்சியை எங்கப்பா வச்சீங்க?" என்று அப்பத்தா நள்ளிரவில் கேட்கும் நிலை வந்தபின், சுவர் சுவிட்சைப் போட்டு அணைத்தே வேகத்தை மாற்றக்கூடிய மாதிரியைக் கேட்டு வாங்கி அவர் அறையில் மாட்டினோம். அப்படிப்பட்ட மாதிரி இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர் தளர்ந்திருந்ததையும், வெந்நீர்க் கொதிகலன் தேவைக்கு மேல் சூடாகும்படி வைக்கப்பட்டிருந்ததையும் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். ஏசியை 24 டிகிரியில் வைக்கச் சொன்னது வழக்கமான அறிவுரை. ஆனால் கரியமில வாயுவைக் குறைக்கும் அறிக்கை என்று பெயர் வைத்துக்கொண்டு, ஏசிக்குள் இருக்கும் வாயுவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய ஏசிகள் பலவற்றில் உள்ள ஆர்-410ஏ என்ற வாயு கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும். இப்போது பரவலாகியுள்ள ஆர்-32 வாயுவுக்கு அந்த எண் 675. பழுது பார்க்க வருபவர் ஒரு கிலோ ஆர்-410ஏ-வைக் காற்றில் திறந்துவிட்டால், அது ஏறத்தாழ 3,000 யூனிட் மின்சாரத்தைச் செலவழித்ததற்குச் சமம். நாங்கள் விசிறிகளில் பல மாதம் சேமித்ததெல்லாம் ஒரே மதியத்தில் கரைந்துவிடும்.

இனிக் கானாடுகாத்தான் வீடு. இங்கேதான் சேவை சறுக்குகிறது. நகரத்து அடுக்குமாடி வீட்டுக்காகத் தயாரித்த படிவத்தையே எடுத்துவந்து, முகப்பு, பட்டாசாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் நிரப்பியிருக்கிறார்கள். விளைவாக, வளவின் திறந்த முற்றத்தைப் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடி, சுற்றுக்கட்டில் தாழ்வான பொய்க்கூரை அமைத்து, ஏசி பொருத்துவது என்ற பரிந்துரை வந்தது. அவர்களுடைய கருவியே அந்த வீட்டின் சுவர் 31 டிகிரி என்று அதே பிற்பகலில் காட்டியதை அவர்கள் யோசித்திருக்க வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனத்த சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக வாங்கிக்கொள்கிறது. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலேறி வெளியேற, முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் இடையே நேர்கோட்டில் அமைந்த கதவுகள் வழியாகப் புதிய காற்று உள்ளே வருகிறது. இரவில் திறந்த வானத்தை நோக்கி முற்றம் குளிர்கிறது. அந்த வாயைத் தகடு போட்டு அடைத்தால், வெயில் உள்ளே வரும், வெப்பம் வெளியே போகாது. புதிய குடியிருப்புகளுக்காக 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற எரிசக்திச் சேமிப்பு விதிகளே, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. அந்த விதிகளை முன்னுரையில் மேற்கோள் காட்டும் அறிக்கை, அதற்கு நேர் எதிரான யோசனையை உள்ளே வைத்திருந்தது.

உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் சிமெண்ட் பூசலாம் என்றும் எழுதியிருந்தார்கள். சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சுவரின் ஈரமும் அதன் வழியே வெளியேறுகிறது. சிமெண்ட் இரண்டுக்கும் தடை. கட்டி முடித்து நூறாண்டு நிற்கும் ஒரு வீட்டைக் காப்பாற்றி வைத்திருப்பதால் புதிதாக எரிக்கப்படாத சிமெண்டும் செங்கல்லும் எவ்வளவு என்ற கணக்கு அறிக்கையில் எங்குமே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பழைய வீடுகளிலிருந்து பிரித்து அடுக்கியிருக்கும் தேக்குத் தூண்களைப் பார்க்கும் எவருக்கும் அந்தக் கணக்கு கேட்காமலே நினைவுக்கு வரும். நாங்கள் நாட்டு ஓடுகளைச் செப்பனிட்டதோடும், உத்தரத்திலிருந்து நீளமான ராடு போட்டு இரண்டு புதிய விசிறிகளை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இறக்கியதோடும் நிறுத்திக்கொண்டோம். உயரமான கூரைக்கு ராடு நீளம் முக்கியம்; அவர்கள் முதலில் கொண்டுவந்த குட்டை ராடில் காற்று கீழே வந்து சேரவே இல்லை.

சோலார் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே செக்காலை வீட்டுக்கு 3 கிலோவாட் அமைப்புக்கான விலைப்புள்ளி இருந்தது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் கிடைப்பதால், விற்பவருக்கு அந்த அளவுதான் வசதி. கூரையும் விசிறியும் சரியான பிறகு எங்கள் தேவைக்கு 2 கிலோவாட் தாராளம். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் வந்துவிடுகிறது, மானியமும் ரூ.60,000 உண்டு. தேவையைக் குறைக்காமல் தகட்டை முதலில் ஏற்றியிருந்தால், ஒழுகும் வெப்பத்தை ஈடுகட்டவே ஒரு கிலோவாட்டுக்குக் காசு கொடுத்திருப்போம். மின்கட்டமைப்போடு இணைந்த இந்த அமைப்பு, மின்தடையின்போது நட்ட நடு வெயிலிலும் ஓடாது என்பதை நாம் கேட்டால்தான் சொல்கிறார்கள். மின்கலம் சேர்க்கலாமா என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. மின்கலம் போன்றவற்றை ஆராயும் மின்வேதியியலுக்கென்று 1953-இலேயே சிக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்ட காரைக்குடியில் இது கொஞ்சம் வருத்தமான வேடிக்கை.

ஆக, கான்கிரீட் வீட்டுக்காரர்கள் தயங்காமல் அழைக்கலாம்; சோலார் பக்கத்தை மட்டும் மற்ற வேலைகள் முடிந்து மறு அளவீடு எடுக்கும் நாளில் திருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள். வளவு வீட்டுக்காரர்கள் அளவீடுகளை மட்டும் வாங்கிக்கொண்டு, கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையே நம்புங்கள். சித்திரை, வைகாசியில் வரச் சொல்வது நல்லது. ஐப்பசியில் வந்தால் கூரையை அளப்பதில் பொருளில்லை, கட்டணம் என்னவோ அதேதான்.