பயத்தங்காய்க் கொடிக்கு எருவா, மூட்டை உரமா? ஐந்து வருட அனுபவம்

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தைக் கொத்த ஆரம்பித்தேன். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்பு) எங்களுடையது. கழி நட்டுக் கயிறு கட்டி, வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் பயத்தங்காய் போட்டேன். நடுநடுவே நிலக்கடலை. வெறும் எரு, வெறும் மூட்டை உரம் (கடையில் மூட்டையாக விற்கும் ரசாயன உரம்), இரண்டும் கலந்தது என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

முதல் போகத்தில் யூரியாதான். கடைத் தவுக்கே (முதலாளி) எடுத்துக் கொடுத்தார், நானும் வாரம் ஒரு பிடி போட்டேன். கொடி கரும்பச்சையாக ஏறி, பார்ப்பவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் பூ தாமதமாக வந்தது, காய் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இளந்தண்டு முழுக்கக் கறுப்பு அசுவினி வேறு. அப்பா வந்து பார்த்தார். முப்பது வருடம் பால் மரக் (ரப்பர்) காட்டில் வேலை செய்தவர். "இது தானே பொங்கிச் சாப்பிடுற பயிருடா. நீ ஏன் ஊட்டி விடுற?" என்றார்.

பால் மரக் கன்று நட்டதும் நிரைகளுக்கு நடுவே படர விடும் கொடியும் பயறு இனம்தான். அந்தக் கொடிக்குத் தோட்டத்தில் யூரியா கொட்ட மாட்டார்கள், மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள ராக் பாஸ்பேட் கல்தூளைத்தான் தூவுவார்கள் என்றார். அந்த ஒரு பேச்சில் எனக்குப் பாதி விஷயம் பிடிபட்டுவிட்டது.

அன்று ஒரு கொடியை வேரோடு பிடுங்கிக் கழுவினேன். வேரில் மிளகு அளவில் நாலைந்து முடிச்சுகள்தான் இருந்தன. நகத்தால் கீறினால் உள்ளே வெளுப்பு. அடுத்த வருடம் எரு போட்ட பாத்தியில் அதே வயதுக் கொடியைப் பிடுங்கினேன். வேர் முழுக்க முடிச்சு, கீறினால் ஈறு போல் இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு இருந்தால் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உள்ளே காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. மண்ணில் அது தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். பச்சை ஏறும், காய் ஏறாது.

அதற்காக எரு மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். பச்சைக் கோழி எருவை மூட்டையோடு வாங்கி அப்படியே பாத்தியில் கொட்டிய போகம் மறக்காது. முளைத்த கன்றுகள் ஓரம் கருகி ஒரு வாரத்தில் சாய்ந்தன. ஈ மொய்த்து, எதிர்வீட்டு அக்கா வந்து சொல்லும்படி ஆகிவிட்டது, அவர் சொன்னது நியாயம். இப்போது காய்ந்த இலையோடு அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி, இரண்டு மூன்று மாதம் மக்கிய பிறகுதான் எடுக்கிறேன். கையில் எடுத்தால் சூடு இருக்கக் கூடாது, நாற்றம் இருக்கக் கூடாது. ஆட்டுப் புழுக்கை கிடைத்தால் எனக்கு அதுவே மேல், ஆனால் இங்கே கிடைப்பது குறைவு.

மக்கிய எரு போட்டும் இரண்டு போகம் சுமாராகத்தான் வந்தது. காரணம் புளிப்பு மண். சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தேன், பி.எச். 4.7 (7-க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு அதிகம்). இவ்வளவு புளிப்பில் அந்த நுண்ணுயிர் சரியாகப் பிழைக்காது, அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும், மணிச்சத்தும் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். டோலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கொத்தி, இரண்டு போகத்தில் 5.6-க்குக் கொண்டுவந்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். ராக் பாஸ்பேட் கரைவதற்குக் கொஞ்சம் புளிப்பு வேண்டும், அதனால் இரண்டையும் ஒரே நாளில் கலந்து போட வேண்டாம். சுண்ணாம்பைப் பச்சை எருவோடும் சேர்க்காதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் உங்கள் உரம்தான் காற்றில் போகிறது.

இப்போது என் முறை இதுதான். விதை ஊன்ற இரண்டு வாரம் முன்பே மக்கிய எருவும் ஒரு பிடி ராக் பாஸ்பேட்டும் பாத்தியில் போய்விடும். முடிச்சு வேலை ஆரம்பிக்க மூன்று வாரமாவது ஆகும், அதுவரை கன்றுக்கு எருவிலிருக்கும் தழைச்சத்து போதும். முதல் பூ கண்டதும் நீல உரம், அதாவது 12-12-17-2, செடிக்கு ஒரு தேக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணுக்குள். அதில் 17 பங்கு இருக்கும் சாம்பல் சத்துக்காகத்தான் (பொட்டாசியம்) அதைப் போடுகிறேன். பறிப்பு ஆரம்பித்த பிறகு இன்னொரு தடவை. நம் ஊர் மழை மேலே தூவியதை அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் புதைத்தே ஆக வேண்டும். 2022-இல் மூட்டை விலை ஏறியபோது இந்தத் தேக்கரண்டிக் கணக்கு பெரிய உதவியாக இருந்தது.

45 நாளுக்கு மேல் பறிப்பு தொடங்கும். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒரு முறை பறித்தே ஆக வேண்டும், விட்டால் காய் பஞ்சாகிவிடும். யூரியா போகத்தில் இரண்டு வாரத்தில் ஓய்ந்த பந்தல் இப்போது ஐந்து வாரம் தாங்குகிறது.

நிலக்கடலைக்கு மட்டும் பூத்த பிறகு ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறேன். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) காய்க்கே நேராகக் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பருப்பில்லாத பொக்கைதான். கடலைக்குப் பேர்போன மெங்லெம்பு ஊருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு பொக்கைக் கடலை பறிக்க மனசு வரவில்லை.

கொடி முடிந்ததும் பிடுங்குவதில்லை. தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுகிறேன். தழைச்சத்தில் பெரும்பங்கு காயோடு போய்விடுகிறது, வேரில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை நம்பி எருவைக் குறைத்தபோது அடுத்து வைத்த கத்தரி வெளிறிவிட்டது. இந்த முறை கத்தரிக்குப் பாதி எரு கூடுதலாகப் போட்டிருக்கிறேன், கன்று நட்டு ஒன்பது நாள் ஆகிறது.