12 வோல்ட் ரியூப் கெட்போன் அம்ப் கிட்: வன்னி வீட்டுக்குச் சரிவருமா?

ஒரு 12ஏயூ7 வெற்றிடக் குழாய் (ரியூப்), இரண்டு ஐஆர்எஃப்510 ட்ரான்சிஸ்ரர், கரண்டைச் சீராக வைக்கும் இரண்டு எல்எம்317 ஐசி. கிட்டில் முக்கியமானவை இவ்வளவுதான். எல்லாமே 12 வோல்ட்டில் ஓடுவதால், ஷொக் அடிக்கும் பயம் இல்லாமல், முதன்முதலாக ரியூப் தொடுபவர்களுக்குத் துணிந்து சொல்லலாம்.

கவனம் வேண்டியது ஹீற்சிங்கில், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில். ஐஆர்எஃப்510இன் உலோக முதுகு அதன் ட்ரெயின் காலோடு சேர்ந்தது, அதாவது நேரே 12 வோல்ட். எல்எம்317இன் முதுகு அதன் அவுட்புட். இடையில் மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிய தாள்) வைக்காமல் இரண்டையும் ஒரே தகட்டில் முடுக்கினால் எல்எம்317ஓடு உள்ள 5 ஓம் ரெசிஸ்ரர் புகைந்துவிடும். சரியாகப் பூட்டினாலும் சனலுக்கு 250 மில்லி அம்பியர் ஓயாமல் ஓடும். கிளிநொச்சி வெக்கைக்குக் கிட்டோடு வரும் சின்னத் தகடு காணாது. பெரிதாகப் போடுங்கள்.

கெட்போனுக்குப் போகும் வழியில் உள்ள அவுட்புட் கப்பாசிற்றர் 100 மைக்ரோஃபரட் என்றால் 470ஆக மாற்றுங்கள். 32 ஓம் கெட்போனில் 100 போட்டால் 50 ஹேர்ட்ஸிலேயே பேஸ் விழத் தொடங்கும். தவிலின் தொப்பிப் பக்கம் மெலிந்துபோகும். 470க்கு அது 11 ஹேர்ட்ஸ் அளவில்.

சோலர் பற்றரியில் ஓட்டினால் அடப்ரர் இரைச்சல் வராது, அதுதான் இந்தக் கிட்டின் பெரிய வசதி. ஆனால் பகலில் சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டைத் தாண்டும், ரியூபைச் சூடாக்கும் 12.6 வோல்ட் ஹீற்றருக்கு அது கூட. இரவில் கேளுங்கள், இல்லையென்றால் ரெகுலேற்றர் போடுங்கள்.

சுவிட்ச் போட்டதும் 'டொம்' என்று ஒரு அடி வரும். ஒரு நிமிடம் விட்டுக் காதில் மாட்டுங்கள்.