மினியா, பீட்டிலா, டாட்சனா: குழிக்குள் இருந்து பார்த்தால்

இன்ஸ்பெக்‌ஷன் குழிக்குள் நிற்பவரின் டார்ச் வெளிச்சம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாலே போதும், கார் தேறுமா தேறாதா என்பது தெரிந்துவிடும். என் மினியில் அது எப்போதும் பின்சக்கரங்களுக்கு நடுவில்தான் நிற்கும். நண்பரின் பீட்டிலில் பின்சீட்டுக்குக் கீழே. மைத்துனரின் டாட்சன் 120வையில் எங்கேயும் நிற்காது, ஒரு சுற்று சுற்றிவிட்டு அணைந்துவிடும்.

என்னுடையது 1986 மினி, 998 சிசி. நண்பருடையது 1969 பீட்டில், 1,285 சிசி. டாட்சன் 1977ஆம் ஆண்டு வண்டி, 1,171 சிசி, மாமனார் ஓட்டி மைத்துனர் கைக்கு வந்தது. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த சித்தப்பா பையன், “அண்ணே, நானும் ஒரு பழைய கார் வாங்கலாம்னு இருக்கேன், இதுல எது நம்பி வாங்கலாம்?” என்று கேட்டான். முறுக்குத் தட்டு காலியாகும் வரை மூன்று பேரும் அவரவர் காருக்காக வாதாடினோம். அவன் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு என்பது அவன் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பரிசோதனையில் தேறுவது ஒன்று. மழையிலும் நெரிசலிலும் நிற்காமல் வீடு வந்து சேர்வது வேறொன்று.

சிங்கப்பூரில் பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். விகாம், எஸ்டிஏ, ஜேஐசி என்று எந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாலும் பார்ப்பது ஒன்றுதான்: உருளையில் ஏற்றி பிரேக், சக்கரம் பக்கவாட்டில் இழுக்கிறதா, முன்விளக்கு எங்கே அடிக்கிறது, புகை எவ்வளவு, அப்புறம் அடிப்பகுதி. புகை அளவில் மட்டும் பழைய பதிவுள்ள கார்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. மற்றபடி, தாத்தா கார் என்று யாரும் இரக்கம் காட்ட மாட்டார்கள். ஆனால் மழையில் இன்ஜின் நின்றுவிடுமா, பாலத்து நெரிசலில் சூடேறுமா என்று அந்த வரிசையில் யாரும் கேட்பதில்லை.

முதலில் என் மினி. சொந்தக் குழந்தையைக் கண்டிப்பது போலத்தான் இதை எழுதுகிறேன்.

அலெக் இசிகோனிஸ் 1959ல் இந்தக் காரை உலகத்துக்குக் காட்டியபோது மொத்த நீளம் மூன்று மீட்டரும் கொஞ்சமும்தான். இடம் மிச்சம்பிடிக்க இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதற்கு அடியில் சொருகினார், இரண்டுக்கும் ஒரே ஆயில். கெட்டிக்கார வேலைதான். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கான பில் நமக்கு வந்துகொண்டே இருக்கிறது. பற்சக்கரங்கள் அரைத்த துகளெல்லாம் இன்ஜின் ஆயிலிலேயே மிதப்பதால் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். நாள் தள்ளினால் கியர்பாக்ஸ் பேச ஆரம்பிக்கும்.

பரிசோதனையில் மினி மாட்டுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முன்சக்கர பால் ஜாயின்ட்டில் ஆட்டம். பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டமான பின்பக்க சப்ஃபிரேமில் துரு. மூன்றாவது, என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பிய ஹேண்ட்பிரேக்.

போன ஆண்டு உருளையில் ஏற்றி ஹேண்ட்பிரேக்கை இழுத்தபோது வலது பக்கம் ஏறிய எண் இடது பக்கம் ஏறவே இல்லை. ஷூ தேய்ந்திருக்கும் என்று நினைத்து சின் மிங்கில் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே உள்ள அண்ணன் டிரம்மைக் கழற்றவே இல்லை. அடியில் படுத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் கையில் இருக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டை விரலால் தட்டிக் காட்டினார். விசிறி மாதிரி இருக்கும், ஹேண்ட்பிரேக் கேபிள் அதன் மேல்தான் வளைந்து போகும். இழுக்கும்போது அது திரும்ப வேண்டும். என்னுடையது துருவேறி வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கிடந்தது. “பாத்தீங்களா தம்பி, கேபிள் இழுக்குது, இது திரும்ப மாட்டேங்குது. பிரேக் மேல என்ன தப்பு?” துரு இளக்கும் எண்ணெய், இரண்டு சுத்தியல் தட்டு, ஒரு விரல் கிரீஸ். மறு பரிசோதனையில் இரு பக்கமும் சமமாக வந்தது. அன்றிலிருந்து, பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே நானே படுத்து அதைத் தட்டிப் பார்த்துவிடுகிறேன்.

சரி, தேறிவிட்டது. நம்பி ஓட்டலாமா?

மழை வரட்டும், சொல்கிறேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் டிஸ்டிரிபியூட்டர், மினியில் இன்ஜினின் முன்பக்கம், கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. முன்னால் போகும் லாரி வாரி இறைக்கும் தண்ணீர் நேராக அதன் மேல்தான் விழும். தீவு விரைவுச்சாலையில் ஒரு மாலை மழையில் இன்ஜின் இருமி இருமி நின்றபோது, பின்னால் வந்தவர் ஹாரன் அடிக்கக்கூட இல்லை, பாவம் என்று விலகிப் போனார். மினிக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த வைத்தியம், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. டிஸ்டிரிபியூட்டர் மூடியின் மேல் அதை மாட்டி, விரல் நுனிகளை வெட்டி, நான்கு பிளக் வயர், ஒரு காயில் வயர், ஆக ஐந்தையும் ஐந்து விரல் வழியாக வெளியே எடுக்க வேண்டும். கணக்கு சரியாக ஐந்துதான், வடிவமைத்தவரே கையுறையை மனதில் வைத்துத்தான் செய்தாரோ என்று தோன்றும். என் காரில் இப்போது மஞ்சள் கையுறை. பானெட்டைத் திறந்தால் யாரோ உள்ளே இருந்து கை காட்டுவது போல இருக்கும்.

வெயிலும் அதற்கு ஆகாது. பழைய மினிகளில் ரேடியேட்டர் இடது ஓரமாக, சக்கர வளைவைப் பார்த்து நிற்கிறது. 1996க்குப் பிறகு வந்தவற்றில்தான் அதை முன்னால் கொண்டுவந்தார்கள். ஜோகூர் பாலத்து நெரிசலில் ஊசி ஏறத் தொடங்கினால் ஹீட்டரை முழுதாகப் போட்டு சூட்டை உள்ளே வாங்கிக்கொள்வதுதான் வழி. வெளியே 32 டிகிரி, உள்ளே ஹீட்டர், பக்கத்து சீட்டில் மனைவி. அந்தப் பயணத்தைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

பீட்டிலில் ரேடியேட்டரே கிடையாது. கொதிக்கத் தண்ணீர் இல்லை, ஒழுகக் குழாய் இல்லை, மழைக்கும் அது அவ்வளவாக அசைவதில்லை. 2003ல் மெக்சிகோவில் கடைசி கார் இறங்கும் வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதனால் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை.

உருளையில் நண்பரின் பீட்டில் என் மினியை வெட்கப்பட வைக்கிறது. ஹேண்ட்பிரேக்குக்கு இடது வலது என்று இரண்டு தனிக் கேபிள்கள், லீவரின் அடியிலேயே இரண்டு நட். எந்தப் பக்கம் குறைகிறதோ அதைத் திருகினால் முடிந்தது. டிரம் பிரேக்கை மட்டும் அவ்வப்போது ஓட்டை வழியாக ஸ்குரூடிரைவர் விட்டு சரிசெய்ய வேண்டும். சோம்பல்பட்டால் ஒரு பக்கம் அதிகம் பிடித்து, மெஷின் காட்டிக் கொடுத்துவிடும். ஸ்டீயரிங் பெட்டியிலும் ஆட்டம் வரும்.

பீட்டிலின் நிஜமான ஆபத்துகள் பரிசோதனையில் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படுவதில்லை. பெட்ரோல் டேங்க் முன்னால், இன்ஜின் பின்னால். கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் துணி சுற்றிய பழைய ரப்பர் குழாய் நம் ஊர் சூட்டில் வெடிப்பு விட்டால் பெட்ரோல் சொட்டுவது சூடான இன்ஜின் மேல்தான். குழாய் விலை சில வெள்ளி, அலட்சியத்தின் விலை கார். இரண்டாவது ஆபத்து, மூன்றாம் சிலிண்டர். 1971க்கு முந்தைய இன்ஜின்களில் ஆயில் கூலர், விசிறிக் காற்று போகும் வழியிலேயே நிற்பதால் அந்த ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். வால்வ் இடைவெளியைக் கவனிக்காமல் விட்டால் முதலில் கருகுவது அதன் எக்ஸாஸ்ட் வால்வ்தான். மொத்த ஆயிலே இரண்டரை லிட்டர், சரியான ஃபில்டரும் கிடையாது, ஒரு சல்லடை மட்டும். நண்பர் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி, வால்வையும் தானே சரிபார்த்துவிடுவார். அவர் கார் இதுவரை வழியில் நின்றது ஒரே ஒருமுறை, ஃபேன் பெல்ட் அறுந்து. ஒரு 21 எம்எம் ஸ்பேனர், கைவசம் இருந்த பெல்ட், கால் மணி நேரம். என் மினி நின்ற கதைகளைச் சொல்ல எனக்குத் தனியாக ஒரு சாயங்காலம் வேண்டும்.

டாட்சனைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. டாட்சனைச் செய்த நிசான், 1950களில் ஜப்பானில் ஆஸ்டின் கார்களை உரிமம் வாங்கி அசெம்பிள் செய்தது; பின்னாளில் மினியை விற்ற அதே ஆஸ்டின்தான். பாடம் வீண்போகவில்லை. இன்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க்கை மினியில் மூன்று மெயின் பேரிங் தாங்குகிறது என்றால் 120வையில் ஐந்து தாங்குகிறது. இன்ஜின் நேராக நிற்கிறது, எந்த நட்டுக்கும் கை போகும். மைத்துனர் பரிசோதனைக்குப் போனால் காப்பி ஆறுவதற்குள் திரும்பிவிடுவார். ஆனால் தகடு மெல்லிசு, துரு பிடித்தால் வேகமாகத் தின்னும். அப்போதுதான் சிக்கல்: மினிக்கு இங்கிலாந்தில் முழு உடற்கூடே புதிதாக அச்சடித்து விற்கிறார்கள், பீட்டிலுக்கு எதுவும் கிடைக்கும், 120வைக்கு ஒரு பின்விளக்கு உடைந்தால் மலேசியாவில் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்க வேண்டும். மைத்துனர் ஒரு விளக்குக்காக நான்கு மாதம் அலைந்தார்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 35 வயது தாண்டிய காரை கிளாசிக் திட்டத்தில் வைத்தால் சாலை வரி ஆண்டுக்கு 310 வெள்ளிதான், ஆனால் ஆண்டில் 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். என் மினி சாதாரணப் பதிவில், கார் வைத்திருக்கும் உரிமைக்கான சிஓஇ சான்றிதழைப் புதுப்பித்து ஓடுகிறது. 14 வயது தாண்டியதற்கான 50 விழுக்காடு கூடுதலோடு வரி ஏறத்தாழ 586 வெள்ளி. சிஓஇ எவ்வளவு என்று கேட்காதீர்கள், வீட்டில் இதைப் படிப்பார்கள். இதில் ஒரு முரண், 45 நாள் மட்டும் ஓடும் கார்தான் பரிசோதனையில் அதிகம் தடுக்கி விழும். நின்றுகொண்டே இருந்தால் பிரேக் சிலிண்டர் இறுகும், கேபிள் ஒட்டும்.

இங்கிலாந்திலிருந்து மினி இறக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. அங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு சப்ஃபிரேமுக்குள் புகுந்து தின்றுகொண்டிருக்க, மேலே தார் மாதிரி கறுப்பாகப் பூசி அனுப்பிவிடுவார்கள். போதாததற்கு, 2018லிருந்து பெரிதாக மாற்றம் செய்யப்படாத 40 வயதுக் கார்களுக்கு அங்கே ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. அதனால் வருடக்கணக்காக யாரும் டார்ச் அடித்துப் பார்க்காத காரே உங்கள் கைக்கு வரலாம். நல்ல வேளையாக, பதிவெண்ணைப் போட்டால் அந்தக் காரின் பழைய பரிசோதனை முடிவுகளை அரசு இணையத்தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எந்த ஆண்டில் எதற்காகத் தோற்றது என்பது வரி வரியாக இருக்கும். பின் சப்ஃபிரேம் துரு என்று மூன்று ஆண்டு தொடர்ந்து எச்சரித்துவிட்டு, அடுத்த ஆண்டு பேச்சே இல்லை என்றால், மாற்றினார்களா பூசினார்களா என்று கேளுங்கள்.

பையனுக்கு நான் சொன்னது இதுதான். பரிசோதனை நிம்மதிதான் வேண்டுமென்றால் டாட்சன், ஆனால் கண்ணாடி, விளக்கு, தகடு எல்லாம் முழுசாக இருக்கும் கார் கிடைத்தால் மட்டும். உன் புளோக்கில் கூரையுள்ள பல மாடிக் கார் நிறுத்துமிடம் இருந்து, சனிக்கிழமை காலையில் கை அழுக்காகச் சம்மதமென்றால் மினி. ஓட்ட அதைப்போல எதுவும் இல்லை, அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அவன் புளோக்கில் திறந்தவெளி நிறுத்துமிடம்தான், வேலைக்கும் இதில்தான் போக வேண்டும். அப்படியானால் பீட்டில். சொல்லும்போது நண்பர் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவன் ஒரு பீட்டிலைப் பார்க்க அங் மோ கியோவுக்கு என்னையும் கூட்டிப்போனான். பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. விற்பவர் இன்ஜினை ஓட்டிக் காட்டினார், தையல் மெஷின் போல ஓடியது. இந்த ஆண்டு பரிசோதனையிலும் தேறியிருக்கிறது என்று தாளைக் காட்டினார். தம்பி ஒன்றும் பேசாமல் பின்சீட்டின் வலது பக்கத்தைத் தூக்கினான். பீட்டிலுக்கு பேட்டரி அங்கேதான், சிந்தும் ஆசிட் முதலில் தின்பது அதற்கு அடியில் உள்ள தகட்டைத்தான். தகட்டின் மேல் ஒட்டியிருந்த புது கார்ப்பெட்டை விரலால் உரித்துவிட்டு, பேட்டரியின் ஓரமாக போனின் டார்ச்சை அடித்தான். கார் நிறுத்துமிடத்தின் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது.