ஸ்பீக்கர் பாட்டா, டீச்சர் பாட்டா?

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பாட்டும் ஆட்டமுமாக எழுத்தையும் கணக்கையும் சொல்லிக்கொடுக்கும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்த பிறகு வகுப்பில் பாட்டு இல்லாத நாளே இல்லை. அதை ஸ்பீக்கரில் போடுவதா, நாமே பாடுவதா?

ஸ்பீக்கரில் சுருதி பிசகாது. தவில், நாகஸ்வரம் என்று நான் வகுப்புக்குக் கொண்டுவர முடியாத ஓசைகளைப் பிள்ளைகள் கேட்கலாம். தொண்டை கட்டிய நாளில் பெரிய உதவி. ஆனால் அது யாருக்காகவும் நிற்காது.

நாம் பாடினால் நிற்கலாம். 'வா-ழைப்-ப-ழம்' என்று நாலு தட்டு தட்டிப் பாடும்போது ஒரு பிள்ளை 'வாளைப்பளம்' என்றாள். உடனே தாளத்தைப் பாதியாகக் குறைத்து, வாயைத் திறந்து நாக்கு மேலே வளைவதைக் காட்டினேன். நாலாவது சுற்றில் ழகரம் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் இன்னொன்று: வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பேன், அவர்களே நிரப்புவார்கள். யாருக்கு மனதில் பதிந்திருக்கிறது என்று தேர்வு வைக்காமலே தெரிந்துவிடும்.

குரல் சரியில்லையே என்று தயங்குகிறீர்களா? பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆண் ஆசிரியர்கள் கொஞ்சம் சுருதியை ஏற்றிப் பாடினால் போதும், சின்னக் குரல்கள் எளிதாகச் சேர்ந்துகொள்ளும்.

எழுத்துக்கும் எண்ணுக்கும் என் குரல், ஆட்டத்துக்கு ஸ்பீக்கர். மழை பிடித்துக் கரண்டும் போய்விட்டால் பெஞ்சில் தட்டும் தாளம்தான்.